குடத்துக்கு ஓர் அம்பயர்

மாலையைச் சரிசெய்வதுபோலக் குனிந்த ஜெயபாரதி, மகன் பாலகணேஷின் உள்ளங்கையில் ஒரு மோதிரத்தை வைத்து அழுத்தினாள்.

“குடத்துக்குள்ள சும்மா தேடுத மாதிரி பாவலா பண்ணு. அப்புறம் இதைத் தூக்கிக் காட்டு. என்னலே, புரிஞ்சுதா?”

“யம்மா, கல்யாணத்தன்னைக்கே கள்ளாட்டமா?”

“நீ ஒழுங்கா ஆடியிருந்தா நான் ஏன்லே இந்தப் பாடு படுதேன்?”

தி. நகர் கல்யாண மண்டபத்தில் தாலி கட்டி முடிந்து, மோதிரம் எடுக்கும் விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. பித்தளைக் குடத்து மஞ்சள் தண்ணீரில் மோதிரத்தைப் போடுவார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் கைவிட்டுத் தேட வேண்டும். முதல் ரவுண்டு பாலகணேஷுக்கு, இரண்டாவது சிந்துவுக்கு. மூன்றாவதுதான் ஃபைனல்.

மற்றவர்களுக்கு அது விளையாட்டு. ஜெயபாரதிக்கு அப்படியில்லை. ரங்கநாதன் தெருவில் இருக்கும் பாத்திரக்கடையின் கல்லாவுக்கு நம்பிக்கையான ஆள் வேண்டும் என்றுதான், படித்த மருமகளாகத் தேடிப் பிடித்திருந்தாள். சிந்துவோ, அடையாறு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்தும் வேலையை விடவே மாட்டேன் என்று நிச்சயதார்த்தத்திலிருந்தே ஒற்றைக் காலில் நின்றாள்.

“இதுக்கு எதுக்கு மல்லுக்கட்டு?” என்று ஆட்டம் தொடங்குமுன் ஜெயபாரதியே சபையில் அறிவித்திருந்தாள். “கடைசியில மோதிரம் யார் கையில இருக்கோ, இந்த விஷயத்துல அவங்க பேச்சுதான் எங்க வீட்டுல செல்லும். நான் மறுபேச்சுப் பேச மாட்டேன். வீடியோக்காரத் தம்பி, இதையும் பிடிச்சுக்கோ!”

“சரிங்க அத்தை” என்று சிந்துவும் உடனே தலையாட்டிவிட்டாள்.

நடுவராக சிந்துவின் தாய்மாமன் கருணாகரனை நிறுத்தியதும் ஜெயபாரதியின் யோசனைதான். லீக் மேட்ச்களில் அம்பயராக நின்று தலை நரைத்த மனிதர். சொந்த மச்சானுக்கே எல்.பி.டபிள்யூ. கொடுத்துவிட்டு, அந்த வருடம் தலைதீபாவளிப் பலகாரத்தைக் கண்ணால்கூடப் பார்க்காதவர். சிந்துவைக் கம்ப்யூட்டர் படிக்கவைத்தவரும் அவரேதான். அப்படிப்பட்ட பெண்வீட்டு ஆளே பாலகணேஷ் ஜெயித்தான் என்று கையைத் தூக்கிவிட்டால், அப்புறம் யார் வாயைத் திறப்பது?

“அண்ணாச்சி, அக்கா மக பக்கம் சாஞ்சிராதீங்க, ஆமா!” என்று ஜெயபாரதி குரல் கொடுத்தாள்.

“ஆட்டம்னு வந்துட்டா எனக்கு அக்காவும் கிடையாது, அக்கா மகளும் கிடையாது, சம்பந்தியம்மா.”

கருணாகரன் பிட்ச்சைப் பார்வையிடுவதுபோலக் குடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முதல் இரண்டு தடவையும் மேலேயிருந்தே மோதிரத்தை ‘டங்’கென்று போட்டவர், இந்தத் தடவை முழங்கைவரை கையை உள்ளே விட்டு மெதுவாகக் கலக்கினார்.

“மாமா, என்ன காபியா ஆத்துறீங்க?” என்று கூட்டத்தில் யாரோ கத்த, மண்டபமே சிரித்தது.

அவர் சிரிக்கவில்லை. கையை எடுத்து, மைதானத்தில் நிற்பதுபோலவே இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். “ம், ப்ளே!”

இரண்டு கைகள் குடத்துக்குள் பாய்ந்தன. தண்ணீர் தளும்பிப் பட்டு வேட்டியெல்லாம் மஞ்சள். பாலகணேஷ் பல்லைக் கடித்தான், கண்ணை உருட்டினான், ‘ஆ, நழுவிடுச்சே’ என்று அலறினான். பாவலாவில் மகன் தன்னையே மிஞ்சிவிட்டான் என்று ஜெயபாரதிக்குப் பெருமை தாங்கவில்லை. சிந்துவும் உதட்டைக் கடித்துக்கொண்டு துழாவினாள்.

“எடுத்துட்டேன்!” என்று பாலகணேஷ் கையைத் தூக்கினான்.

“நானும்!” என்று சிந்துவும் தூக்கினாள்.

வீடியோ லைட்டில் இரண்டு மோதிரங்கள் பளபளத்தன. கல் வைக்காத, அச்சில் வார்த்ததுபோல ஒன்றாகவே இருந்த வெறும் வளையங்கள்.

ஜெயபாரதி மனசுக்குள் கணக்குப் போட்டாள். மகன் கையில் இருப்பது தான் கொடுத்தது. அப்படியானால் மருமகள் கையில் இருப்பதுதான் அசல்! விட்டால் கல்லா போயிற்று. குரலை உயர்த்துவதைத் தவிர வேறு வழியில்லை.

“என் மகன் எடுத்ததுதான் குடத்துல கிடந்த மோதிரம்! மருமக கையில இருக்கது எங்கேயிருந்து வந்துச்சுன்னு கேளுங்க!”

சிந்து பதறிப்போய்ச் சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தாள். ஆனால் அவளோ காதுவரை சிவந்து, “என்னுதுதான் அத்தை... குடத்துல...” என்று முனகிவிட்டுத் தரையைப் பார்த்தாள். இது என்ன கூத்து என்று ஜெயபாரதிக்கு விளங்கவில்லை.

“நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி. இந்த ரெண்டுல நீங்க குடத்துல போட்ட மோதிரம் எது?”

கருணாகரன் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு இடது கையின் ஆள்காட்டி விரலை நிதானமாக மேலே உயர்த்தினார்.

“ரெண்டு பேரும் அவுட்.”

பின்னால் இருந்த வலது கையை முன்னால் கொண்டுவந்து விரித்தார். ஈர உள்ளங்கையில் ஒரு மோதிரம் இருந்தது.

“நான் இன்னும் போடவே இல்லையே! அப்ப இனிமே உங்க வீட்டுல என் பேச்சுதானே, சம்பந்தியம்மா?”