வாய் திறந்த முகம்

மேஜை மேல் கிடந்த போன் மூன்றாவது தடவையாக அதிர்ந்தது. திரையில் ‘மகாராணி’ என்று வந்தது. டிசைனர் தன் மனைவியின் எண்ணை அந்தப் பெயரில்தான் பதிந்து வைத்திருந்தார்.

“எடுங்க சார். அப்புறம் வீட்டுல சோறு கிடைக்காது” என்றார் கமிட்டித் தலைவி. வக்கீலும் டாக்டரும் சிரித்தார்கள்.

டிசைனரும் ஒப்புக்குச் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் ஒதுங்கினார். “சொல்லு கண்ணு... அம்மாவுக்கு இன்னும் வேலை முடியலடா... அப்பா மீட்டிங்ல இருக்கேன், வச்சிடு.”

திரும்பி வந்தவர் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார். அம்மாவையோ அப்பாவையோ பறிகொடுத்த குழந்தைகளுக்காகத் தொடங்கும் அமைப்பு அது. அதற்கான சின்னத்தை அவர் பேட்ஜாகவே செய்து கொண்டுவந்திருந்தார். மஞ்சள் வட்டத்தில் வாயை ஆவென்று திறந்த ஒரு முகம், கீழே கொட்டை எழுத்தில் ‘எங்க அம்மா செத்துட்டாங்க’. இன்னொன்றில் அப்பா.

“இது அழுவுதா, கத்துதா?” என்றார் வக்கீல்.

“அது போட்டுக்கற பிள்ளையோட இஷ்டம்.”

“அழகா ஒரு பட்டாம்பூச்சி போடலாமே?”

கமிட்டிகளுக்கும் பட்டாம்பூச்சிக்கும் என்ன சொந்தமோ தெரியாது. எந்தக் கமிட்டியும் கடைசியில் அதைத்தான் கேட்கும்.

தலைவி பேட்ஜைத் தள்ளி வைத்தார். “படம் இருக்கட்டும். அந்த வார்த்தையைக் காதால கேக்க முடியல. ‘மறைந்துவிட்டார்’னு நாகரிகமா போடுங்களேன்.”

“மறைஞ்சுட்டாங்கன்னா பிள்ளை தேடும் மேடம். தூங்குறாங்கன்னா எழுப்பும். நாம வாய் கூசிக்கிட்டு எதையாவது சொல்லி வைக்கிறோம், அதுங்க வாசலையே பார்த்துட்டு உக்காந்திருக்குங்க. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகூட எழுத்துக் கூட்டிப் படிக்கணும்னுதான் இவ்வளவு பெருசா போட்டிருக்கேன். ஒரு எழுத்து மாறாது.”

“மாத்தலேன்னா நாங்க வேற ஆளைப் பார்க்க வேண்டி வரும்.”

“தாராளமா பாருங்க. பொய் சொல்ற சின்னத்துல என் கை படாது.”

அதுவரை வாயைத் திறக்காத டாக்டர் ‘அப்பா’ பேட்ஜை எடுத்துத் தன் சட்டையில் குத்திக்கொண்டார்.

“எனக்கு எட்டு வயசுல அப்பா செத்துட்டாரு. வீட்டுல யாரும் சொல்லல. மூணு வருஷம் அவருக்கு லெட்டர் எழுதிட்டிருந்தேன். இதுவே இருக்கட்டும் மேடம்.”

தலைவி ஒப்புதல் தாளைத் தன் பக்கம் இழுத்தார். கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் டிசைனர் ஜெயித்த தெம்போடு வீட்டுக்குள் நுழைந்தார். ஆறு வயது மகள் வழக்கம்போல அவர் பையைக் குடைந்தாள். ஒரு பேட்ஜ் கையில் சிக்கியது. உதடு அசைய, எழுத்துக் கூட்டிப் படித்து முடித்தாள்.

“எனக்கு இது வேணும்.”

அவர் அவசரமாகப் பையை மூடினார். “வச்சிடு கண்ணு. அது அம்மா இல்லாத பிள்ளைங்களுக்கு. உங்க அம்மாதான் வெளியூர்ல வேலையா இருக்காங்களே.”

சோபா ஓரத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த அம்மாவின் போனை அவள் காட்டினாள். “போனை வீட்டுலயே வச்சுட்டு யாருப்பா நாலு மாசம் வெளியூர் போவாங்க?”

கமிட்டியையே மடக்கியவர் அந்தப் போனைக் கவிழ்த்து வைத்தார்.

அவள் தன் சட்டையை இழுத்துப் பிடித்தபடி பேட்ஜை அவரிடம் நீட்டினாள்.

“எங்க அம்மாவும் செத்துட்டாங்க. குத்தி விடுப்பா.”