பூங்காவின் பின்பக்கம்

தூக்கம் வரவில்லை என்று போன தமயந்தியிடம், தினமும் பத்து நிமிடம் எதுவும் செய்யாமல் சும்மா உட்காரச் சொன்னார் டாக்டர். வீட்டில் அது முடியாது. படுக்கையில் கிடக்கும் மாமனார் யாரையாவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். அதனால் அலுவலகம் விட்டு வரும்போது ஒரு நிறுத்தம் முன்பே இறங்கிப் பூங்காவில் உட்காரத் தொடங்கினாள். அழுகை வரும் என்று நினைத்தாள். எதுவும் வரவில்லை.

ஒரு வியாழக்கிழமை அவள் வழக்கமாக உட்காரும் பெஞ்சில் யாரோ இருந்தார்கள். வேறு இடம் தேடிப் பூங்காவின் பின்பக்கம் போனாள். அங்கே அவள் கணவன் கதிரேசன், செருப்பைக் கழற்றிவிட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தான். ஆபீசில் வேலை அதிகம் என்று தினமும் தாமதமாக வருகிறவன்.

"எத்தனை நாளா?" என்று கேட்டாள்.

"தீபாவளியிலேர்ந்து. நீ?"

"அதுக்கும் முன்னாடியே."

அவன் நகர்ந்து இடம் விட்டான். கோபம் வருமா என்று ஒரு கணம் நின்று பார்த்தாள். கால் வலிதான் தெரிந்தது. உட்கார்ந்தாள்.

"அப்பாவைப் பாத்துக்க வர்ற நர்ஸம்மா ஏழு மணிக்குக் கிளம்பிடுவாங்க," என்றான்.

"தெரியும்."

"நீ முன்னாடி போ. நான் பின்னாலேயே வந்துடறேன்."

"நீங்க போங்க."

அவன் எழுந்தான். சட்டையில் ஒட்டியிருந்த சருகைத் தட்டிவிட்டு, மறுபடி உட்கார்ந்தான்.