காது நுனி இல்லாத பூனை

“இங்க இருக்கிறவங்க பேரை முதல்ல எழுதிக்கிறேன். வில்ஹோ ஹார்யுலா, மகள் ஐரா, மருமகன் ரைமோ, பூனைக் காப்பகத்துல இருந்து ஹெல்வி, அதாவது நான். அப்புறம் நம்ம பில்வி. சரிதானே ஐயா?”

பில்வி என்பது பூனை. கணப்பு ஓரத்துப் பெஞ்சில் சுருண்டு கிடந்தது. அதன் இடது காதின் நுனி உறைபனியில் கருகி உதிர்ந்திருந்தது.

“சரி,” என்றார் வில்ஹோ. எழுபத்தெட்டு வயதிலும் நாற்காலியில் முதுகைச் சாய்க்காதவர். நாற்பது வருடம் நிலம் அளந்தவர். அவர் போட்ட எல்லைக் கோட்டை அந்த ஏரிக்கரையில் யாரும் கேள்வி கேட்டதில்லை.

“நிரந்தரமா ஒரு வீடு கிடைக்கிற வரைக்கும் வச்சுப் பார்த்துக்கிறோம்னு வாங்கிட்டு வந்தீங்க. இன்னியோட ஆறு வாரம். நான் திருப்பி எடுத்துட்டுப் போகணும்.” ஹெல்வி சிரித்தாள். “ஆனா எடுத்துட்டுப் போகல. நீங்களே வச்சுக்கங்க. இங்க ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.”

ஐராவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஏலக்காய் பன் தட்டை நகர்த்தினாள். “ரொம்ப நன்றிங்க. எடுத்துக்கங்க. இன்னொண்ணும் எடுத்துக்கங்க.”

“எங்ககிட்ட ரெண்டு மாசம் அலமாரிக்கு அடியிலயே ஒளிஞ்சிருந்துச்சு. இங்க வந்த அன்னிக்கே நேரா அந்தப் பெஞ்சுல ஏறிப் படுத்துடுச்சாமே! நல்ல மனுஷங்களை மோப்பம் பிடிச்சிருக்கு.”

“சூடு தேடிப் போயிருக்கும்,” என்றான் ரைமோ, காப்பிக் கோப்பைக்குள் பார்த்தபடி.

“கோடைக்கு ஏரிக்கரைக் குடில்ல வந்து தங்கிட்டு, கோடை முடிஞ்சதும் அதைப் பூட்டிட்டு, பூனையை வெளியில விட்டுட்டுப் போறானுங்களே, கல்நெஞ்சுக்காரனுங்க! அப்படிப்பட்டவனுக்கு எங்க காப்பகத்துல இருந்து ஒரு எலிக்குஞ்சுகூடக் கிடைக்காது.”

“காப்பி ஆறுது பாருங்க,” என்றாள் ஐரா அவசரமாக.

“ஊர் முழுக்க உங்க பேச்சுதான் ஐயா. பத்திரிகையில படம் போடப் போறாங்க. ‘கைவிடப்பட்ட பூனைக்கு வாழ்வு தந்த ஹார்யுலா குடும்பம்’!”

வில்ஹோ சுவரைப் பார்த்தார். அப்பாவும் தாத்தாவும் படச் சட்டங்களுக்குள் விறைப்பாக நின்றார்கள். அவர் பேனாவை எடுத்தார். பூனை பெஞ்சிலிருந்து இறங்கி வந்து, அவருடைய கம்பளிக் காலுறை மேல் தாடையை வைத்துப் படுத்தது.

“பாருங்க, நன்றி சொல்லுது!”

“எனக்கு அது நன்றி சொல்லக் கூடாது.”

“அப்பா, கையெழுத்துப் போடுங்க. வேற ஒண்ணும் பேச வேணாம்.” ஐரா தாளை அவர் பக்கம் நகர்த்தினாள்.

வில்ஹோ அவளைப் பார்க்கவில்லை. “அந்தக் காதுக்கு மருந்து போட்டது யாரு, ஹெல்வி?”

“நான்தான். நாலு வாரம்! கடன்காரி, கையெல்லாம் கிழிச்சுட்டா.” மணிக்கட்டைக் காட்டினாள். கோடு கோடாகத் தழும்புகள்.

வில்ஹோ எழுந்து நின்றார். யார் முன்னும் குனியாத அந்தத் தலை குனிந்தது. “ரொம்ப நன்றி அம்மா. இதை நான் என்னிக்கோ சொல்லியிருக்கணும்.”

“ஐயையோ, நாங்கதான் உங்களுக்கு...”

“இல்ல.” கையெழுத்துப் போடாமலே தாளை அவள் பக்கம் தள்ளினார். “பூனையை என்ன செய்யணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க. பத்திரிகைக்காரர்கிட்ட ஒண்ணு சொல்லிடுங்க. யாரோ விட்டுட்டுப் போன பூனையை ஹார்யுலா குடும்பம் காப்பாத்துச்சுன்னு ஊர்ல பேசிக்கிறது தப்பு. இதோட பேரு பில்வி இல்ல, ரூசு. உங்க அறிவிப்புல படத்தைப் பார்த்தும், எங்களதுன்னு வந்து கேட்க முகமில்லாம, கொஞ்ச நாள் வளர்க்கிறோம்னு சொல்லி வாங்கிட்டு வந்தோம். ஆகஸ்ட் கடைசியில, கூப்பிட்டும் வரலைங்கிற கோபத்துல இதை வெளியிலயே விட்டு, எங்க கோடைக் குடிலைப் பூட்டிட்டு வந்தது நான்தான்.”