ஞானஸ்நானத் தண்ணீர்

விடிகாலை ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் எப்சிபா வெள்ளை உடுப்போடு நிற்கிறாள். ஞானஸ்நானம் கொடுக்க இறங்கியிருக்கும் திண்டிவனத்து பாஸ்டர், அவளுடைய அப்பா, சாக்கடை நுரையைக் கையால் ஒதுக்குகிறார். போன மாதம் இதே தண்ணீரில் வந்த புண் அவர் முழங்கையில் இன்னும் ஆறவில்லை. பாஸ்டருக்கே விசுவாசம் இல்லையென்று சபையார் நினைப்பார்களோ என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் எண்ணெய் தடவி ஜெபிக்கிறார். கரையில் கைதட்டிப் பாடுகிறார்கள். "பாஸ்டர் பொண்ணே பயந்துக்கினா நாங்க இன்னாத்த பண்றது?" என்று கரையிலிருந்து சபையின் வேணியக்கா சிரிக்கிறாள். "வேணாம்ப்பா. நாத்தம் கொடலப் புடுங்குது. பயமா இருக்குப்பா." அவர் கரையைப் பார்த்துச் சிரித்தபடியே முணுமுணுக்கிறார்: "எனக்குந்தாண்டி பயம். எல்லாரும் பாத்துக்கினு கீறாங்க. வாய இறுக்கி மூடிக்கோ, தண்ணி உள்ள போவக் கூடாது." பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று உரக்கச் சொல்லி அவளைச் சாய்க்கிறார். கறுப்புத் தண்ணீருக்குள் கரையின் அல்லேலூயா மங்கலாகக் கேட்கிறது. ஒரு கையால் பிடரியைத் தாங்கும் அப்பா, மறு கையால் அவள் வாயையும் மூக்கையும் இறுக்கிப் பொத்துகிறார்.