நறுமுகையின் கோள்

எங்கள் வானாய்வு மையம் வழியாக ஒருவர் பெயர் சூட்டிய கோள் அழிந்துபோனால், அவர் வீட்டுக்கே போய்ச் செய்தியைச் சொல்லி, வேறு கோளுக்கான படிவத்தில் கையெழுத்து வாங்கிவர வேண்டும். எந்தப் புண்ணியவான் எழுதிய விதியோ.

அருப்புக்கோட்டையில் செண்பகவல்லியின் வீட்டுச் சுவரில், நாங்கள் ஆண்டுதோறும் அனுப்பிய படங்கள் மூன்றும் வரிசையாக இருந்தன. தூசி வளையத்துக்குள் உருவாகிக்கொண்டிருந்த புள்ளி, ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. வயிற்றிலேயே இறந்த மகளுக்கு நினைத்திருந்த நறுமுகை என்ற பெயரை அதற்கு வைத்திருந்தார்.

"நாலாவது படமா மேடம்?" என்று ஆசையாகக் கை நீட்டினார்.

"இல்லம்மா. கோள் அதோட நட்சத்திரத்துக்குள்ளயே விழுந்திருச்சு."

அவர் கை மெல்ல இறங்கியது. "எப்போ?"

"அங்கிருந்து வெளிச்சம் வர நானூறு வருஷம் ஆகும். நாம பாத்தது போன வாரம். நடந்தது நானூறு வருஷத்துக்கு முன்னாடியே."

"அப்ப நான் பேர் வச்சப்பவே அது இல்லையா?"

"இல்லம்மா."

செண்பகவல்லி படங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வளைகாப்பு அன்னிக்கும் இப்படித்தான் மேடம். கை நிறைய வளையல் போட்டுவிட்டாங்க. நானும் சிரிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். மறுநாள் ஸ்கேன்லதான் சொன்னாங்க, அவ போயி ரெண்டு நாள் ஆச்சுன்னு."