முன்வரிசைக் கேள்வி

"சிஸ்டர், ஒரு சந்தேகம்" என்று முன்வரிசையிலிருந்து ஆதிநாராயணன் எழுந்தார்.

தரணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் எழுந்து நின்ற தோரணைக்கே கூட்டத்தில் சிரிப்பு கிளம்பிவிட்டது.

"பாம்பு கடிச்சா, கடிவாய்க்கு மேல கவுறு வச்சி இறுக்கிக் கட்டிட்டா விஷம் ஏறாதில்ல?"

நாலு வருஷமாக இதே கேள்வி.

தரணி புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ். அங்கே ஏழெட்டுப் பேர் சேர்ந்து நடத்தும் மக்கள் நலக் குழுவுக்கு அவள்தான் பேச்சாளர். மாதம் ஒரு ஞாயிறு, ஞாயிறுக்கு ஒரு கிராமம். பாம்பு கடித்தால் மந்திரிக்க ஓடாதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று தொண்டை வறளச் சொல்லிவிட்டு வருவாள். எந்த ஊரில் கூட்டம் போட்டாலும் ஆதிநாராயணன் தன் மொபெட்டில் வந்து முதல் ஆளாக உட்கார்ந்திருப்பார்.

எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதில் பேர்போன சீமை இது. கை முறிந்தால் கட்டு, கால் பிசகினால் கட்டு. பாம்புக்கும் ஒரு கட்டைப் போட்டால் என்ன என்று யாருக்கும் தோன்றும்தான். அதற்காக ஒரே மனுஷனுக்கு நாலு வருஷமாகவா தோன்றும்?

"கட்டவே கூடாது அண்ணா. ரத்தம் ஓடாம காலே போயிடும். கட்டிட்டோம்ங்கற தைரியத்துல நேரமும் போயிடும். அசையாம படுக்க வச்சு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்."

"ஓ, கட்டக் கூடாதா?"

அப்போதுதான் கேள்விப்படுகிறவர் போல் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்தார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

குழுத் தலைவர் சுரேஷ்பாபு திரும்பி வரும் வழியெல்லாம் குதித்தார். அந்த ஆள் வேண்டுமென்றே கிண்டல் பண்ணுகிறான், நம் உழைப்பெல்லாம் சந்தி சிரிக்கிறது, இனி அவன் வந்தால் நான் வரமாட்டேன் என்றார். தரணிக்கும் அவர் சொல்வது சரியென்றே பட்டது. அவளே போன் செய்து, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அடுத்த கூட்டத்திலிருந்து நீங்கள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.



"சரி சிஸ்டர். ஆனா வேற யாரையாவது கேக்கச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

கொழுப்பைப் பார் என்று நினைத்துக்கொண்டாள் தரணி.

அடுத்த கூட்டம் கார்வேட்டிநகரம் பக்கத்தில் ஒரு கிராமம். தமிழும் தெலுங்குமாகக் கலந்து பேசினாள். குறுக்கே யாரும் எழவில்லை, சிரிப்பில்லை. முக்கால் மணி நேரத்தில் கச்சிதமாக முடிந்தது. எல்லாம் புரிந்ததா என்று கேட்டபோது அத்தனை தலைகளும் ஆடின. இவ்வளவு நல்ல கூட்டம் இதுவரை நடந்ததில்லை என்று சுரேஷ்பாபு மெச்சினார்.

பதினோராம் நாள் அந்த ஊர்ச் செங்கம்மாவைக் கரும்புத் தோட்டத்தில் பாம்பு கடித்தது. உயிருக்கு ஆபத்தில்லை, காலைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம் என்று திருப்பதி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இரண்டு மணி நேரம் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்களாம்.

தரணி கோபமாகத்தான் போய் நின்றாள். அவ்வளவு சொல்லியும் கேட்கவில்லையே என்று கட்டிலருகில் நின்று புலம்பினாள்.

"நீங்க சொன்னமாரியே மந்திரிக்கப் போவல சிஸ்டர்" என்றாள் செங்கம்மா. "எங்க நைனா கவுறு கட்டினாரு. கட்டிட்டமே, இன்னா அவசரம்னு பஸ்ஸுக்கு நின்னுக்கினு இருந்தோம். கட்டக் கூடாதுன்னு நீங்க சொல்லவே இல்லியே."

சொன்னேனே என்று ஆரம்பித்த தரணி அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

சொல்லவில்லைதான். அவள் பேச்சில் அந்த விஷயம் ஒருநாளும் இருந்ததில்லை. நாலு வருஷமாக, ஆதிநாராயணனின் கேள்விக்குப் பதிலாக மட்டுமே அது ஊர்க்காரர்கள் காதுக்குப் போயிருக்கிறது.

மறுநாள் காலையில் அவர் வீட்டு வாசலில் நின்றாள். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். இனி அதைத்தான் முதலில் சொல்லப் போவதாகவும், சுரேஷ்பாபு வராவிட்டாலும் ஒரு கூட்டத்தையும் நிறுத்தப் போவதில்லை என்றும், அவரும் வந்தே ஆக வேண்டும் என்றும் சொன்னாள்.

"வரேன் சிஸ்டர். நீங்க சொன்னா தலையாட்டிட்டுப் பூடுவாங்க. ஒரு முட்டாள் எந்திரிச்சிக் கேட்டு, ஊரே சிரிச்சாத்தான் மறக்காது."

"பதில் தெரிஞ்சும் இத்தனை வருஷம் எதுக்குண்ணா இந்த அவமானம்?"

ஆதிநாராயணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க மொத மீட்டிங்கு எங்க ஊர்லதான் நடந்துது. நானும் எம் பொஞ்சாதியும் வந்திருந்தோம். இந்தச் சந்தேகத்தக் கேக்கலாம்னு எழுந்தேன். சிரிப்பாங்கன்னு உக்காந்துட்டேன். மறு வாரம் அவளப் பாம்பு கடிச்சிது. நாந்தான் இறுக்கிக் கட்டினேன். கட்டிட்டமேன்னு நானும் பஸ்ஸுக்குத்தான் நின்னேன். பஸ்ஸு வந்தப்ப அவ உசுரோட இல்ல."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"அன்னிக்கி வாங்காத சிரிப்பத்தான் சிஸ்டர், இப்ப ஊர் ஊராப் போயி வாங்கிக்கினு இருக்கறேன்."