மூன்று பக்கச் சாவு
பாம்பன் வாசகசாலையில் ஞாயிற்றுக்கிழமை வெயில் சன்னல் வழியே சரிந்து, தவசி வாத்தியாரின் கையிலுள்ள தாள்கள்மேல் விழுகிறது. கடல்காற்றில் படபடக்கும் தாள்களை அமுக்கிப் பிடித்தபடி, தம்மைப்போலவே கதையெழுதும் நண்பர்கள் இருவருக்கு வாசித்துக்காட்டுகிறார். கதாநாயகி காய்ச்சலில் சாகிறாள். மூன்று பக்கத்துக்கு வசனம் பேசிக்கொண்டே சாகிறாள். "நடுவுல ஒரு வாய் கஞ்சியாச்சும் குடுங்க சார்," என்கிறான் சகாயம். "சாகப்போறவ இம்புட்டா பேசுவா?" என்கிறாள் நர்ஸ் செபஸ்தியம்மாள். பெற்ற பிள்ளையை ஊரார் கிள்ளினதுபோல் தவசிக்கு முகம் சிவக்கிறது. ஆனாலும் பென்சிலை எடுத்து வசனத்தையெல்லாம் அடிக்கிறார். கதாநாயகி புருசனிடம் கேட்கும் ஒரு வரியை மட்டும் விட்டுவைத்து மறுபடி வாசிக்கிறார்: "கோழிய அடச்சாச்சா?" சகாயம் தலையைக் குனிந்துகொள்கிறான். செபஸ்தியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைக்கிறாள். "இப்பத்தான் சார் செத்தா."